கதவுக்கு மேலே களிசான்

அன்றைக்கு முன்னறையில் இருந்தவர்கள்: என் அக்கா, பெரிய கதிரையில். அத்தான், அவவுக்குப் பக்கத்தில், போனைப் பார்த்தபடி. என் மனிசி, குசினி வாசலில் நின்றபடி. இளைய மகள், படிக்கட்டில். மூத்த மகள், பஸ் டிரைவர் உடுப்போடு, ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்தவள். நான்.

வீடு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

கதை இளையவளின் கலியாணம். அவளுக்கு முப்பது. ஒரு பெடியனை விரும்பியிருந்தாள். மலேசியாத் தமிழ்க் குடும்பம். வங்கியில் வேலை. எங்களுக்கும் பிடித்திருந்தது. இரண்டு வருசமாக நாங்கள்தான் பொறுங்கோ, பொறுங்கோ என்று சொல்லிக்கொண்டு இருந்தோம். ஏனென்றால் மூத்தவளுக்கு இன்னும் ஆகவில்லை. அவளுக்கு முப்பத்துநாலு.

இப்போது பெடியனைச் சிங்கப்பூருக்கு மாற்றுகிறார்கள். புரட்டாதியில் அங்கே நிற்க வேண்டும். ஆவணிக்குள் கலியாணம் நடந்தால் இரண்டு பேராகப் போவார்கள். நடக்காவிட்டால் அவன் தனியப் போவான். தனியப் போனால் பிறகு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. பெடியனின் தாய் போனில் பண்பாகத்தான் சொன்னா. நாங்க அவசரப்படுத்தலை, ஆனா பையன் கிளம்புற நாள் வந்துடுச்சு என்றா.

அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூத்தது இருக்க இளையதுக்குச் செய்தால், மூத்ததுக்கு என்ன குறை என்று சனம் கேட்கும், பிறகு அவளை ஒருத்தரும் கேட்டு வரமாட்டினம் என்றா. ஜேர்மனியில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறாராம். படம் கொண்டு வந்திருந்தா. நாலு மாதம் இருக்கு, இரண்டு பேருக்கும் ஒரே மேடையில் செய்வோம் என்றா. கெட்ட மனதோடு சொல்லவில்லை. அக்கா ஒருநாளும் கெட்ட மனதோடு ஒன்றும் சொன்னதில்லை. அதனால்தான் அவவோடு கதைப்பது கஷ்டம்.

"பஸ் ஓடுறதைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரர் கொஞ்சம் யோசிக்கினம்," என்றா.

மூத்தவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாமி, நான் ரெண்டு மாடி ஓடுறன். ஒரு மாடியெண்டால் யோசிக்கச் சொல்லுங்கோ."

அத்தான் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்தா. அவர் மறுபடி போனைப் பார்த்தார்.

இளையவள் எழும்பி மேலே போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தகப்பன் நான். சொல்ல வேண்டியவன்.

பாப்பம் என்றேன்.

இது என்னுடைய சொல். முப்பத்தைந்து வருசமாக இந்தச் சொல்லோடுதான் குடும்பம் நடத்துகிறேன் என்று மனிசி சொல்லுவா.

காத்திருக்கிற வேலை எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் அக்கா, நான், இரண்டு தங்கச்சிமார். பெண்பிள்ளைகள் மூன்று பேருக்கும் முடிய வேண்டும், பிறகுதான் நான். ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. மழை வந்தால் குடை பிடிக்கிற மாதிரி. லண்டன் வந்து, ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, கடைசித் தங்கச்சியின் கலியாணம் முடிந்தபின் கட்டினேன். எனக்கு முப்பத்தாறு. அதில் எனக்குக் குறை இல்லை. முதலே கட்டியிருந்தால் கலியாணப் படத்தில் தலையில் கொஞ்சம் மயிர் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கடையை மூடியபின் முதலாளியின் மனிசி என்னை இன்னொரு இடத்தில் சேர்த்துவிட்டா. கவுன்சில் ஹோல் ஒன்று. கிழமைக்கு ஒருநாள், புதன்கிழமை, சீனத்து வயதானவர்கள் கூடுவார்கள். மத்தியானச் சாப்பாடு. அதன்பிறகு படம். என் வேலை தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைப்பது, சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவுவது. எழுபத்தொரு வயதுக்கு அது போதும்.

படம் எல்லாம் பழசு. கறுப்பு வெள்ளை. ஹொங்கொங்கில் எடுத்தவை. அவர்கள் இளமையில் பார்த்த பகிடிப் படங்கள். இங்கிலீஷ் எழுத்துக் கீழே ஓடாது. ஓடினாலும் நான் வாசித்து முடிக்க ஏலாது. அவர்களின் கண்டனீஸ் பாசையில் இருபது வருசம் குசினியில் நின்றதுக்கு எனக்கு மூன்று சொல் வரும். கெதியா, சூடு, பின்னாலை ஆள். படத்தில் இந்த மூன்றும் அடிக்கடி வருவதில்லை.

ஆனால் கதை விளங்கும். எல்லாம் கலியாணக் கதை. ஒரு படத்தில் தாய் சாகக் கிடக்கிறா. மகன் கட்டினால்தான் கண்ணை மூடுவாவாம். மகன் அழுகிறான். அவன் வெளியே போனதும் தாய் போர்வைக்குள்ளிருந்து வாத்துக்கால் ஒன்றை எடுத்துக் கடிக்கிறா. இன்னொன்றில் வீட்டுச் சொந்தக்காரி கட்டின சோடிக்கு மட்டும்தான் அறை கொடுப்பா. முன்பின் தெரியாத பெடியனும் பெட்டையும் கட்டினவர்கள் என்று பொய் சொல்லி அறை எடுக்கிறார்கள். அடுத்த கிழமை இரண்டு பக்கத்துத் தாய்தகப்பனும் ஊரிலிருந்து வந்து இறங்குகிறார்கள், கோழியும் கொண்டு.

நான் கவனித்த ஒன்று. அந்தப் படங்களில் ஒருவரும் வீட்டை விட்டு ஓடுவதில்லை. ஒளிப்பார்கள். பொய் சொல்லுவார்கள். வேறு ஆளின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவார்கள். கடைசியில் பெரியவர்களுக்கு முன்னால் முழங்காலில் இருந்து தேத்தண்ணி கொடுப்பார்கள். பெரியவர் ஒரு வாய் குடித்தால் படம் முடிந்தது. நான் எழும்பிக் கோப்பை எடுக்கப் போகலாம்.

அவர்கள் சிரிக்கிற இடத்தில் நான் சிரிப்பதில்லை. நான் சிரிக்கிற இடம் வேறு. அவர்கள் எத்தனையோ முறை பார்த்தவர்கள். விழப்போகிறவன் விழமுதலே சிரிப்பார்கள்.

ஒரு படம் எனக்கு விசேசமாகப் பிடிக்கும். பத்து வருசத்துக்கு முதல் முதன்முறை பார்த்தேன். ஏழை வீடு. தாய், இரண்டு மகன்மார். மூத்தவன் மெலிந்த ஆள், கண்ணாடி போட்டவன், கட்டாதவன். இளையவனுக்குக் கலியாணம். விடிந்தால் வாசற்கதவுக்கு மேலே ஒரு களிசான், கணுக்கால் மட்டும் வருகிற நீளக் காற்சட்டை, தொங்குகிறது. கலியாணப் பொம்பிளை வருகிறா. குனிந்து அதற்குக் கீழால் உள்ளே போகிறா. பின்னால் வந்த சனம் முழுக்கக் குனிகிறது. மூத்தவன் திரைச்சீலைக்குப் பின்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறான். வெளியே வர ஏலாது. அது அவனுடைய களிசான். அவனிடம் இருப்பது ஒன்றுதான்.

நான் விளங்கிக்கொண்டது இது. முதல்நாள் மழை. காயப்போட இடமில்லை. கதவில் போட்டிருக்கிறார்கள். கலியாண அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டார்கள். அதை நினைத்துச் சிரிப்பேன். வீட்டில் மனிசிக்கும் சொல்லியிருக்கிறேன். எங்களுடைய முதல் அறையிலும் ஹீற்றருக்கு மேலே அப்படித்தான் ஒரு களிசான் கிடந்தது.

அந்த ஞாயிறு கழிந்து வந்த புதன்கிழமை இதே படம்தான் போட்டார்கள். நான் சிரிக்கவில்லை. என் யோசனை வேறு எங்கோ இருந்தது.

முன்வரிசையில் எப்போதும் ஒரு மனுசி இருப்பா. எண்பது தாண்டியவ. தையல் பக்டரியில் வேலை செய்தவ. அவவின் இங்கிலீசும் என்னுடையதும் ஒரே தரம். அதனால் நல்லாக விளங்கும். கோப்பை கழுவுகிறவன் என்பதால் என்னை மிஸ்டர் பிளேட் என்றுதான் கூப்பிடுவா. படம் முடியத் திரும்பி, மிஸ்டர் பிளேட், இன்றைக்கு ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டா.

அவர்கள் ஏன் அதைக் குசினியில் காயப்போடவில்லை என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவ என்னை நெடுநேரம் பார்த்தா. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பித் தங்கள் பாசையில் சொன்னா. ஹோல் முழுக்கச் சிரித்தது. படத்துக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். பத்து வருசம் உடுப்புக் காய்கிறது என்று நினைத்தாயா என்று கேட்டா. ஓம் என்றேன்.

அது காயப்போட்டது இல்லையாம். அவவின் ஊர்ப்பக்கத்து வழக்கமாம். மூத்தது கட்டாமல் இருக்க இளையது கட்டினால், மூத்ததின் களிசானைக் கதவில் தொங்கவிட வேண்டும். கட்டுகிறவர்கள் அதற்குக் கீழால் குனிந்து போக வேண்டும். உன்னைத் தாண்டிப் போகவில்லை, உனக்குக் கீழால்தான் போகிறோம் என்று காட்டுகிறது. சில வீடுகளில் புதுக் களிசான் வாங்கி மூத்ததுக்குக் கொடுப்பார்களாம்.

அவவுக்கும் கொடுத்தார்களாம். தம்பி முதலில் கட்டினானாம். அவ பிறகும் கட்டவில்லை.

"நல்ல துணி. பத்து வருசம் போட்டன். அதைப் போட்டுக்கொண்டுதான் லண்டனிலை இறங்கினன்," என்றா.

வெட்கமாக இருக்கவில்லையா என்று கேட்டேன். ஏன் வெட்கம் என்று கேட்டா. களிசானோடு தம்பி முன்னால் வந்து நின்று கேட்டவன், நான் ஓம் என்றேன், அதற்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது என்றா.

நான் வீட்டுக் கதையைச் சொன்னேன். இரண்டு மகள்மார், சிங்கப்பூர், அக்கா. அவ கேட்டுக்கொண்டிருந்தா.

"மூத்த மகள் என்ன சொன்னவள்?"

அக்கா இப்படிச் சொல்கிறா, சனம் இப்படிச் சொல்லும் என்றேன்.

"மகள்?"

நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

அடுத்த நாள் மத்தியானம் அப்டன் பார்க் ஸ்டேசனடியில் போய் நின்றேன். மூத்தவளின் பஸ் எத்தனைக்கு அதால் வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. ஏறினேன். பஸ் காட்டை மெசினில் தட்டினேன்.

"அப்பா? எங்கை போறீங்கள்?"

"கடைசி மட்டும்."

முன் இருக்கையில் இருந்தேன். ஓடும்போது டிரைவரோடு கதைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நான் கதைக்கவில்லை. அவள் ஓடுவதை அதுவரைக்கும் நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. கிரீன் ஸ்ட்ரீட்டில் அன்றைக்குச் சரியான சனம். வான்காரன் ஒருவன் குறுக்கே விட்டான். பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு தாய் ஓடி வந்தா. மகள் கோர்ன் அடிக்கவில்லை. நின்றாள், ஏற்றினாள், எடுத்தாள். இவ்வளவு பெரிய சாமானை வாசலில் கோலம் போடுகிற மாதிரி ஒடித்துத் திருப்பினாள். 

கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கினார்கள். அவளுக்கு ஆறு நிமிசம் இருந்தது. கதவைச் சாத்தினாள். தண்ணிப் போத்தலை எடுத்தாள்.

"என்னப்பா? ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை. ஒண்டு கேக்க வந்தனான்." எழும்பி அவளடிக்குப் போனேன். "தங்கச்சிக்கு முதல் செய்யட்டோ? நீ ஓம் எண்டால்தான். இல்லையெண்டால் இல்லை."

அவள் தண்ணி குடிக்கவில்லை. மூடியைத் திரும்பப் பூட்டினாள். கண்ணாடியில் வெறும் இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ரெண்டு வருசமா வீட்டிலை இதே கதை. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை அப்பா."

"இப்ப கேக்கிறன்."

"நான் காத்துக்கொண்டு இருக்கிறன் எண்டு நினைக்கிறீங்கள். நான் பஸ் ஓடிக்கொண்டு இருக்கிறன். காத்துக்கொண்டு இருக்கிறது அவள்."

"ஓம்."

"ஓம் எண்டால் என்ன ஓம்?"

"நீ சொல்லுறது சரியெண்ட ஓம். உன்ரை ஓமை நீதான் சொல்லவேணும்."

"ஓம் அப்பா. செய்யுங்கோ. ஜேர்மன்காரனுக்கு மட்டும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அப்போ உனக்கு என்று கேட்டேன்.

"வந்தால் பாப்பம்," என்றாள்.

பிறகு களிசான் கதையைச் சொன்னேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். கனகாலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். சேலையோ நகையோ இல்லையா, களிசான்தானா என்று கேட்டாள். களிசான்தான் என்றேன்.

"அப்ப நல்லதா வேணும். பொக்கற் ஆழமா இருக்கவேணும். பொம்பிளையளின்ரை களிசானுக்கு ஒழுங்கான பொக்கற்றே வைக்கிறாங்கள் இல்லை."

வெளியே சனம் கண்ணாடியில் தட்டியது. ஆறு நிமிசம் முடிந்திருந்தது. நான் இறங்கி மற்றக் கதவால் ஏறி அதே இருக்கையில் இருந்தேன்.

அக்காவிடம் சொல்ல வெஸ்ட் ஈலிங் போனேன். போனில் சொல்லுகிற கதை இல்லை. வெள்ளிக்கிழமை. அம்மன் கோயிலில் இருந்தா. பூசை முடிய வெளியே சப்பாத்துப் போடுகிற இடத்தில் வைத்துச் சொன்னேன். மூத்தவள் ஓம் என்றுவிட்டாள், இளையவளுக்கு ஆவணியில் செய்கிறோம். அக்கா விபூதிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு நின்றா. அவள் ஓம் எண்டால் காணுமோ, சனம் கேட்டால் என்ன சொல்லுறது என்றா. என்னைக் கேட்கச் சொல்லுங்கோ என்றேன்.

அவ சப்பாத்தைப் போட்டா. நிமிர்ந்தா.

"நீயும்தானே தம்பி எங்களுக்காகக் கட்டாமல் இருந்தனி. ஒரு நாளும் வாய் திறக்கேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை அக்கா."

கோபத்தில் சொல்லவில்லை. கேட்டதற்கு மறுமொழி, அவ்வளவுதான். பஸ் தரிப்பு மட்டும் ஒன்றாக நடந்தோம். பஸ் வந்தபோது, ஆவணியில் நல்ல நாள் எதெண்டு ஐயரைக் கேட்டுச் சொல்லுறன் என்றா.

களிசானை இளையவள் வாங்கினாள். கடும் நீலம். வேலையிடத்துச் சாமான் மாதிரி இல்லாமல் நல்லதாகப் பார்த்து எடுத்திருந்தாள். பொக்கற்றுக்குள் கையை மணிக்கட்டு மட்டும் விட்டுப் பார்த்து வாங்கினவளாம். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அக்காக்காரியின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினார்கள். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் மூக்கைச் சீறுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

களிசான் கால் கொஞ்சம் நீளம். அடுத்த புதன் ஹோலுக்குக் கொண்டு போனேன். தையல்கார மனுசி உள்ளே வெளியே புரட்டிப் பார்த்தா. தையலை நகத்தால் இழுத்தா. குப்பை நூல் என்றா. கைப்பையிலிருந்து ஊசி எடுத்து, படம் முழுக்கத் திரையைப் பார்த்தபடியே இரண்டு காலையும் மடித்துத் தைத்தா. குனிந்து பார்த்ததாக நினைவில்லை. அன்றைய படம் வாத்துக்கால் தாயின் படம். நான் சிரித்தேன்.

கலியாணத்தன்று காலமை மூத்தவள் சேலையோடு கதிரையில் ஏறினாள். வீடு கூட்டுகிற தும்புத்தடியில் களிசானைக் கோத்து, வாசற்கதவுக்கு மேலே இரண்டு ஆணியில் வைத்தாள். கால் இரண்டும் என் நெஞ்சளவுக்குத் தொங்கின. மனிசி சாம்பிராணித் தட்டோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனா. அவவுக்கு முதலே சொல்லியிருந்தேன். பாப்பம் என்றா.

மற்றச் சொந்தக்காரர் பின்பக்கம் மரக்கறிப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு அதாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். அக்கா மேலேயிருந்து பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு இறங்கினா. கதவைப் பார்த்தா.

"ஆர் இதைக் கதவிலை காயப்போட்டது? கலியாண நாளிலை. எடுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க ஏலவில்லை. பத்து வருசத்துக்குப் பிறகு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது. விசயத்தைச் சொன்னேன். அவவின் முகம் மாறியது. களிசானுக்குக் கீழால் நான் போகிறதோ என்று கேட்டா. கேட்கிறது நியாயம்தான். எங்கள் வீட்டில் உடுப்புக் காய்கிற கொடிக்குக் கீழால்கூடப் போகாமல் சுற்றித்தான் போவோம்.

"புதுசு மாமி," என்றாள் மூத்தவள், கதிரையில் நின்றபடியே. "ஒருத்தரும் இன்னும் போடேல்லை."

கார் வந்துவிட்டது. இளையவள் காத்திருக்கவில்லை. சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கொண்டைப் பூவில் களிசான் கால் பட்டது. நடுவில் நின்று மேலே பார்த்தாள்.

"தாங்ஸ் அக்கா."

"கெதியாப் போ. பஸ் வெளிக்கிடுது."

பிறகு மனிசி போனா. கனடாவிலிருந்து வந்த என் தங்கச்சிமார் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மூத்த தங்கச்சியின் மனுசன் போனார், தலைப்பாகை தட்டாமல் காலை மடித்து. அத்தான் போனார், போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு. படம் எடுக்கிறவர் கமராவை நெஞ்சில் அணைத்துக்கொண்டு போனார். நான் போனேன். எழுபத்தொரு வயது முதுகு, இரண்டு தரத்தில் குனிந்தது.

வெளியே நின்று திரும்பிப் பார்த்தேன். அக்கா உள்ளே தனிய நின்றா. குசினிக் கதவு திறந்துதான் இருந்தது. அதால் போய்ச் சுற்றி வரலாம். அவ அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தா. பிறகு கதிரையில் நின்ற மூத்தவளைப் பார்த்தா. சேலைக் கொசுவத்தைப் பிடித்தா. தேவைக்கு மேலாகவே குனிந்து வெளியே வந்தா.

மூத்தவள் களிசானை இறக்கினாள். மடித்தாள். கைப்பையில் வைத்தாள். கதவைப் பூட்டிவிட்டு வந்து காரில் ஏறினாள்.

காருக்குள் இருந்து விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். குனிந்தவர்கள் ஒன்பது பேர்.